திருட்டே நடக்காத விமான நிலையம்

எங்கள் ஊர் விமான நிலையத்தில் கடந்த ஏழு வருடமாக ஒரு திருட்டுகூட நடக்கவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் நுழைவாயிலில் நிற்கும் பலகையைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆளுயரப் பலகை. 'திருட்டு இல்லாத நாட்கள்' என்று மேலே எழுதியிருக்கும். கீழே எண் ஓடிக்கொண்டிருக்கும். பலகையைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கூண்டு வைத்து, கூண்டைப் பூட்டி, பூட்டுக்கு மேல் சங்கிலியும் போட்டிருக்கிறார்கள். பலகையை யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் எண்ணை எங்கே எழுதுவது?

அந்த இடத்தில் பொருளைப் பறிகொடுத்த ஒரு மனிதரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சட்டப்படி அவர் எதையும் பறிகொடுக்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். பக்கத்துக் கடை அவருடையது. பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி. தெருவில் எல்லோருக்கும் அவர் பூட்டுக்காரர். எங்கள் தெருவில் பாதி வீட்டுச் சாவி அவர் கடைச் சுவரில் ஆணியில் தொங்கும். வெளியூர் போகிறவர்கள் கூடப்பிறந்தவர்களிடம் கொடுக்காத சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு வீட்டுக் கதவைக்கூட அவர் தேவையில்லாமல் தொட்டதில்லை. ஆனால் தொழில் கர்வம் கொஞ்சம் உண்டு. மட்டமான பூட்டைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டார். "இதுக்குப் பேர் பூட்டா? இதை வெச்சுப் பூட்டறதுக்குக் கதவைத் திறந்தே போட்டுட்டுப் போகலாம்" என்று வாடிக்கையாளரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். நேர்மையால் அவருக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. அந்த வாய்தான் அவரைக் குழியில் தள்ளியது.

அவருக்கு ஒரே மகள். பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். அதற்கு ஜோடியாக வெளியே, காதுக்குப் பின்னால் ஒரு மெஷினை மாட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு சின்ன வயர், வயர் நுனியில் சட்டைப் பித்தான் மாதிரி ஒரு வட்டம். அது தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். மாட்டினால் கேட்கும், கழற்றினால் ஒன்றும் கேட்காது. அவள் தலைக்கென்றே சரிபண்ணிக் கொடுத்த மெஷின் அது. வேறு யார் மாட்டிக்கொண்டாலும் வெறும் பிளாஸ்டிக்தான். திருடிக்கொண்டு போகிறவனுக்கு அது காது குடையக்கூட உதவாது.

மகளைக் கட்டிக்கொடுத்தது வேறு ஊரில். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி கடலில் இருப்பார். மகளுக்குப் பிரசவம் நெருங்கியபோது பூட்டுக்காரரின் மனைவி துணைக்குப் போய்விட்டார். பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மெஷின் செத்துப்போயிற்று. அதை ரிப்பேர் செய்கிற கம்பெனி எங்கள் ஊரில் இருந்ததால், இந்தப் பக்கம் வந்த ஒருவரிடம் கொடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். கம்பெனிக்காரன் இன்று நாளை என்று ஏழு வாரம் இழுத்தான். அதற்குள் பெண் குழந்தை பிறந்தது. நல்ல தொண்டை. அது அழுவதை அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. பெற்றவள் மட்டும் கேட்கவில்லை.

மெஷின் தயாரானதும் மகள் போனில் எழுதி அனுப்பியிருந்தாள். 'அப்பா, வந்ததும் யாரும் பேசாதீங்க. மெஷினை மாட்டிவிட்டுட்டு சும்மா இருங்க. முதல்ல நான் பாப்பா குரலைத்தான் கேக்கணும்.' அதை என்னிடம் காட்டிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி ஜெராக்ஸ் மெஷினுக்குப் பேப்பர் போட்டேன்.

மறுநாள் காலை விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது மனைவி போனில் கூப்பிட்டார்.

"என்னங்க, அந்த மிஷின் டப்பா எங்க?"

"சட்டைப் பையிலதான் இருக்கு."

"அங்கயே இருக்கட்டும். யார் கேட்டாலும் குடுக்காதீங்க. நீங்க பாட்டுக்கு யார்கிட்டயாவது நின்னு பூட்டைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காதீங்க."

முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்குத் தெரியாதா?

சோதனை வரிசைக்கு முன்னால் இரண்டு அறிவிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. 'உங்கள் பொருளுக்கு நீங்களே பொறுப்பு' என்றது ஒன்று. 'உங்கள் பொருளை எங்களிடம் ஒப்படையுங்கள்' என்றது இன்னொன்று. அதன் கீழே 'விலையுயர்ந்த பொருள் பாதுகாப்புத் திட்டம்' என்று ஒரு கவுண்டர். உள்ளே ஒரு பெண் ஊழியர், முன்னால் மைக், பக்கத்தில் அடுக்கி வைத்த சிவப்புப் பெட்டிகள்.

"பையில என்ன சார் புடைப்பா இருக்கு?"

"காது மிஷின்மா. என் பொண்ணோடது."

"காதுல மாட்டியிருந்தா அப்படியே விட்டுருவேன். பையில வெச்சிருந்தா அது விலையுயர்ந்த பொருள். எழுதிக் குடுத்துட்டு பெட்டியில போடணும்."

"பையிலயே இருக்கட்டுமேம்மா. பத்திரமா இருக்கும்."

"பை பத்திரமான இடமே இல்ல சார். போன மாசம் மட்டும் இங்க எத்தனை பேரோட பையிலேர்ந்து என்னென்ன போச்சு தெரியுமா?"

"வெளிய பலகையில திருட்டே இல்லன்னு..."

"திருட்டுன்னு நான் சொன்னேனா? போச்சுன்னுதானே சொன்னேன்."

அவர் எழுதிக் கொடுத்தார். பொருளின் பெயர், அது எவ்வளவு முக்கியம், தொலைந்தால் எவ்வளவு வருத்தப்படுவீர்கள் என்று மூன்று கேள்வி. கடைசிக் கேள்விக்கு 'மிகவும்' என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு ஊழியர் பெட்டியின் மேல் மூன்று ஸ்டார் ஒட்டினார்.

"மூணு ஸ்டார் எதுக்கும்மா?"

"ஒரு ஸ்டார்னா பசங்க கண்டுக்க மாட்டாங்க. மூணு ஸ்டார்னாதான் கண்ணு வெச்சுப் பாத்துப்பாங்க."

"எந்தப் பசங்க?"

"எல்லாப் பசங்களும்தான்." அவர் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார். "ஏழாம் நம்பர் பெட்டி. மூணு ஸ்டார். எலக்ட்ரானிக் சாமான், சின்னது, கைக்குள்ள அடங்கும். ரெடியா இருங்க."

திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் "வரட்டும்!" என்றன.

இதற்கே அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் அவர் கண் வேறு இடத்தில் இருந்தது. பெட்டியில் மாட்டச் சொல்லி அவர் கையில் ஒரு பூட்டைச் சாவியோடு கொடுத்திருந்தார்கள். அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"இதை எவன் பண்ணினான்?"

"உலகத் தரமான பூட்டு சார். டெண்டர் விட்டு வாங்கினது. இதைத் திறக்கவே முடியாதுன்னு சர்டிபிகேட் இருக்கு."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். பூட்டுக்காரர் தான் நிரப்பிய படிவத்தில் குத்தியிருந்த கிளிப்பை உருவினார், நிமிர்த்தினார், பூட்டுக்குள் விட்டார். பூட்டு திறந்துகொண்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தன் பெட்டிச் சாவியை எடுத்து, பக்கத்தில் பூட்டி வைத்திருந்த நாலாம் நம்பர் பெட்டியையும் திறந்து காட்டினார்.

"பாத்தியாம்மா? எல்லாத்துக்கும் ஒரே சாவி. இதை வெச்சுக்கிட்டு நீங்க எதைப் பாதுகாக்கறீங்க? மேல உள்ளவங்ககிட்ட சொல்லி உடனே மாத்தச் சொல்லு."

ஊழியர் கொஞ்சமும் பதறவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ரிஜிஸ்டரை எடுத்தார். "இதுல பேரு, நேரம், எதை வெச்சுத் திறந்தீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். மேல அனுப்பறேன்."

ஆலோசனையை இவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறார்களே என்று அவருக்குச் சந்தோஷம். தன் தொழில், முப்பத்திரண்டு வருட அனுபவம் என்பதையும் சேர்த்து எழுதினார். சாவியில் கட்டும் அட்டையில் பேர் எழுதி எழுதி அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நுணல் தன் வாயால் கெடும். இவர் கையாலும் கெட்டார்.

டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொடுத்த பிறகு அவரை வரிசையில் விட்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்கள். பெல்ட் இல்லாத பேன்ட்டோடு இரண்டு கையையும் தூக்குவது எப்படி என்று யோசித்துக்கொண்டு ஒரு கையை மட்டும் தூக்கினார். ஒத்துழைக்க மறுக்கிறார் என்று ஓரமாக நிற்க வைத்து மறுபடி தடவிப் பார்த்தார்கள். பாதத்தைப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். அவரிடமிருந்து விமான நிலையத்தைக் காப்பாற்ற ஆறு பேர் பாடுபட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஏழாம் நம்பர் பெட்டி தனியாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று ஸ்டார் பெட்டிகளுக்குத் தனிப் பாதை. திரைக்குப் பின்னால் போகும். பொதுமக்கள் கண் பட்டுவிடக் கூடாதாம்.

கால் மணி நேரம் கழித்துப் பெட்டி இந்தப் பக்கம் வந்தது. பூட்டு அப்படியே இருந்தது. மூன்று ஸ்டாரும் அப்படியே இருந்தன. திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

பிறகு இதை என்னிடம் சொல்லும்போது, "பெட்டிக்குள்ள கையை விட்டு நாலு மூலையும் தடவிப் பாத்தேன்பா. உள்ள வெறும் தகரம்னு கண்ணுக்குத் தெரியுது. ஆனாலும் தடவினேன்" என்றார்.

மேற்பார்வையாளர் வந்தார். நல்ல உயரம், இரண்டு கையிலும் கடிகாரம். ஒன்று இங்கே நேரம், மற்றொன்று விமானம் போகிற ஊரின் நேரம் என்று பிறகு அவரே விளக்கினார். எந்தப் பயணி எந்த ஊருக்குப் போகப்போகிறவர் என்பதைப் பொறுத்து அந்த இரண்டாவது கடிகாரம் மாறுமாம்.

"என்ன சார் பிரச்சனை?"

"திருட்டுப் போச்சுங்க. உள்ள இருந்த மிஷினைத் திருடிட்டாங்க."

"பதறாதீங்க. பூட்டு உடைஞ்சிருக்கா?"

"இல்லீங்க."

"பெட்டி நசுங்கியிருக்கா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன? பெட்டியை நீங்க எப்படிக் குடுத்தீங்களோ அப்படியே திருப்பிக் குடுத்திருக்கோம். நாங்க பாதுகாக்கறது பெட்டியைத்தான்."

"உள்ள இருந்தது?"

"பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கறது பயணியோட அந்தரங்கத்துல தலையிடற மாதிரி. எங்க ஆளுங்க அப்படிப்பட்ட வேலையெல்லாம் செய்ய மாட்டாங்க."

"கேமராவைப் பாருங்க சார். அந்தத் திரைக்குப் பின்னாடி யார் இருந்தாங்கன்னு தெரிஞ்சுரும்."

மேற்பார்வையாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இங்க நூத்தி நாப்பது கேமரா இருக்கு. எல்லாமே பயணிகளைப் பாத்துக்கிட்டுதான் இருக்கு. எங்க ஊழியர்கள் மேல கேமரா வெச்சா, அவங்க மனசு புண்படாதா? நம்பிக்கைதான் சார் எங்க மூலதனம்."

அதோடு விடவில்லை, ஒரு படிவமும் கொடுத்தார். திருட்டுப் புகார் என்று அங்கே படிவமே கிடையாது. 'பொருள் இடமாற்றத் தகவல் படிவம்' என்று ஒன்று உண்டு. முதல் கேள்வியே, 'பொருள் தற்போது எங்கே உள்ளது?' பூட்டுக்காரர் 'தெரியாது' என்று எழுதினார். மேற்பார்வையாளர் அதை அடித்தார்.

"தெரியாதுன்னு எழுதினா எப்படி சார்? எங்க இருக்குன்னு நீங்க சொன்னாத்தானே நாங்க தேட முடியும்?"

"எங்க இருக்குன்னு தெரிஞ்சா நானே எடுத்துக்க மாட்டேனா?"

"அப்படி எடுத்தீங்கன்னா அதுதான் திருட்டு."

விமானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. பெரிய அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். அழைத்துக்கொண்டு போனார்கள்.

தலைமைப் பாதுகாப்பு அதிகாரியின் அறை குளுகுளுவென்று இருந்தது. சுவரில் ஏழு கேடயங்கள், வருடத்துக்கு ஒன்று. ஒரு கண்ணாடி அலமாரியில் கூலிங் கிளாஸ், கேமரா, போன், பேனா, மோதிரம் எல்லாம் அழகாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டியிருந்தது. 'சொந்தக்காரர் இல்லாத பொருட்கள்' என்று மேலே எழுதியிருந்தது. வருடக் கடைசியில் ஊழியர் குடும்ப விழாவில் குலுக்கல் போட்டுக் கொடுப்பார்களாம். பூட்டுக்காரர் அலமாரியைக் கண்ணாலேயே துழாவினார். மெஷின் இல்லை. அலமாரிப் பூட்டு மட்டும் நல்ல பூட்டு என்பதைக் கவனித்தார்.

அவர் சொன்னதையெல்லாம் அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர், தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசினார்.

"ஐயா, நான் இந்தப் பதவிக்கு வந்தப்போ இங்க தினம் பத்து திருட்டு. பத்திரிகையில கிழிகிழின்னு கிழிச்சாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஆளுங்களை மாத்தினேனா? இல்ல. கேமரா வாங்கினேனா? வாங்கினேன், ஆனா அது வேற விஷயம். நான் புகார்ப் புத்தகத்தை எடுத்துட்டேன். மறுநாளே திருட்டு நின்னுபோச்சு. பாருங்க, திருட்டு எங்கேர்ந்து வருது? புகார்லேர்ந்துதான் வருது. இதை இதுக்கு முன்னாடி இருந்த ஒருத்தர்கூட யோசிக்கல. இப்ப வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் வந்து எப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டுட்டுப் போறாங்க."

"என் பொண்ணுக்குக் காது கேக்காதுங்க. அந்த மிஷின் இல்லன்னா..."

"எனக்குப் புரியுது. எனக்கும் பொண்ணு இருக்கு. ஆனா நீங்க என்னோட கஷ்டத்தையும் பாக்கணும். நான் ஒரே ஒரு திருட்டை ஒத்துக்கிட்டா வெளிய அந்தப் பலகையில எண்ணு பூஜ்யத்துக்கு வந்துரும். ஏழு வருஷ உழைப்பு ஐயா. முந்நூறு குடும்பத்தோட போனஸ். ஒரு சின்ன மிஷினுக்காக இத்தனை பேரோட உழைப்பைத் திருடப் பாக்கறீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

பூட்டுக்காரருக்கு ஒரு கணம் தான்தான் எதையோ எடுத்துவிட்டோமோ என்று தோன்றியதாம். செவிடன் காதில் ஊதின சங்கு என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்லிவிடுகிறோம். அந்த அறையில் யாருக்கும் காதில் ஒரு கோளாறும் இல்லை.

அப்போது மேற்பார்வையாளர் அதிகாரியின் முன்னால் ரிஜிஸ்டரை விரித்து வைத்தார். அதிகாரி படித்தார், நிமிர்ந்தார். குரல் மாறிவிட்டது.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க. பூட்டு சரியில்லன்னு..."

"சர்டிபிகேட்படி இந்தப் பூட்டை யாராலயும் திறக்க முடியாது. உங்களால முடியும்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்போ இந்தக் கட்டடத்துலயே அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் யாரு?"

"சார், என் பொருளை நானே ஏன் சார் திருடணும்?"

"அதைத்தான் விசாரிக்கணும். திருட்டுன்னு நீங்க உறுதியா சொன்னீங்கன்னா, நான் எழுதிக்கறேன். சந்தேகப்படற ஆள் ஒருத்தர்தான். விசாரணை முடியற வரைக்கும் உங்களை இங்க வெச்சிருக்கணும். ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம். இல்ல, திருட்டே நடக்கலன்னா நீங்க அடுத்த விமானத்துலயே போகலாம். அடுத்தது என்ன, உங்க விமானத்துலயே போகலாம்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவர் எடுத்தார். "என்னங்க, ஏறிட்டீங்களா? அவ காலையிலேர்ந்து தலையைச் சீவி, மிஷின் மாட்ட வசதியா முடியை ஒதுக்கிக் கட்டிக்கிட்டு வாசல்லயே நிக்கறா" என்றார் மனைவி. பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அறை முழுக்கக் கேட்டது.

"பேத்தியா?" என்று அதிகாரி கனிவாகச் சிரித்தார். "பாருங்க, குடும்பமே காத்துக்கிட்டு இருக்கு. ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

கடுதாசியை மேற்பார்வையாளர் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். காது மெஷின் ஒன்றைக் கொண்டுவந்ததாக நான் அறிவித்தது தவறு. அப்படி ஒரு பொருள் என்னிடம் இருக்கவில்லை. இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.

அதிகாரி வாங்கிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பத்தாது. தணிக்கையில கேப்பாங்க. மிஷினே இல்லன்னா அந்தப் பொண்ணுக்கு எப்படிக் கேக்குதுன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? ஓட்டை இருக்கக் கூடாது. கீழ இன்னொரு வரி சேருங்க. 'என் மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.'"

பூட்டுக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவருடைய இருபத்தாறு வருடத்தை அந்த ஒரு வரி அழித்துவிடும். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை படிக்கட்டு. தொண்டையில் கை வைக்கச் சொல்லி 'அப்பா' என்ற ஒரு சொல்லை எட்டு மாதம் சொல்லிக் கொடுத்தவர் அவர். கடிகாரம் கட்டிய இரண்டு கைகளும் அவர் முன்னால் மேசையில் ஊன்றியிருந்தன. ஒலிபெருக்கியில் அவர் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது. இங்கே ஒரு மாதம் சிறையிருந்தாலும் மெஷின் வரப்போவதில்லை. போனால், மகள் பக்கத்தில் இருந்து வேறு மெஷினுக்காவது வழி பார்க்கலாம். பேனாவை எடுத்து எழுதினார். வழக்கம்போல அச்சு மாதிரி எழுத்து.

போட்டோ எடுத்தார்கள். 'தவறான அறிவிப்பைத் தானாக முன்வந்து திரும்பப் பெற்ற பயணி' என்று அந்த மாதம் அங்கே மாட்டி வைத்திருந்தார்கள். நான் பார்த்தேன். அதிகாரி கைகுலுக்குகிறார். பூட்டுக்காரர் மற்ற கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவசரத்தில் பெல்ட்டைத் திரும்ப வாங்க மறந்துவிட்டார்.

மகள் வீட்டில் நடந்ததை அவர் அதிகம் சொல்லவில்லை. வெறும் கையைக் காட்டினாராம். அவள் உள்ளே போய்க் கட்டியிருந்த முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டாளாம்.

அந்த ஊரில் செவித்திறன் உதவி அலுவலகம் என்று ஒன்று உண்டு. மெஷின் தொலைந்தவர்களுக்கு ஒரு தடவை புதிதாகக் கொடுப்பார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டர் சர்டிபிகேட், ஆபரேஷன் செய்த காகிதங்கள், தலையின் எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் போனார்கள். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே வழுக்கைத் தலையோடு ஒரு அதிகாரி கம்ப்யூட்டரில் குனிந்திருந்தார்.

"எல்லாத் துறையையும் இப்ப இணைச்சாச்சு" என்றார் குனிந்தபடியே. "ஒரு இடத்துல எழுதிக் குடுத்தா எல்லா இடத்துலயும் தெரிஞ்சுரும். முன்ன மாதிரி ஏமாத்த முடியாது." திரையை இவர் பக்கம் திருப்பினார். "இது உங்க எழுத்துதானே?"

'என் மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.'

"ஆமாங்க. ஆனா அதை..."

"ஆமாங்க போதும். 'ஆனா'வுக்கு இதுல கட்டம் கிடையாது."

"டாக்டர் சர்டிபிகேட் இருக்கு சார். எக்ஸ்ரேயைப் பாருங்க, தலைக்குள்ள கருவி தெரியுது."

"டாக்டர் வெளியாள். நீங்க பெத்தவர். பொண்ணைப் பத்தி பெத்தவர் சொல்றதை நம்பறதா, வெளியாள் சொல்றதை நம்பறதா? சரி, நான் மனசாட்சி உள்ளவன். நேர்லயே விசாரிச்சுடறேன்." ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்தார். "பேர் என்னம்மா?"

மகளுக்கு உதட்டைப் பார்த்தால் பேச்சு புரியும். அவளுக்குத் தெரிந்தது வழுக்கை மட்டும்தான்.

"எத்தனை நாளா காது கேக்கல?"

அதிகாரி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களைத்தான்மா கேக்கறேன்."

'மூன்று முறை கேட்டும் விண்ணப்பதாரர் பதில் சொல்ல மறுத்தார்' என்று எழுதினார். பூட்டுக்காரர் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டார்.

"நிமிர்ந்து கேளுங்க சார்! உங்க வாயைப் பாத்தாத்தான் அவளுக்குத் தெரியும்!"

"நீங்க இப்படிச் சத்தம் போட்டா நான் எப்படி விசாரிக்கறது?"

அந்தச் சத்தத்தில் பின்னால் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. சும்மா அழுகை இல்லை, மூச்சை அடக்கி அடக்கிக் கத்தியது. கூடத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து மேசைக்காரர் எழுந்து பார்த்தார். வாசல் காவலாளி உள்ளே வந்துவிட்டார். பெற்றவள் மட்டும் அசையவில்லை. அதிகாரி எப்போது நிமிர்வார், உதடு எப்போது தெரியும் என்று அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தாள்.

பூட்டுக்காரர் எழுந்தே விட்டார். "பாருங்க சார்! அவ பெத்த குழந்தை சார் அது. இப்படிக் கத்துது, அவ திரும்பறாளா பாருங்க! இதுக்கு மேல என்ன சாட்சி சார் வேணும் உங்களுக்கு?"

அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்தார். குழந்தையைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். மறுபடியும் குழந்தையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மாறியது. அப்பாடா என்றிருந்தது பூட்டுக்காரருக்கு. அதிகாரி பேனாவை எடுத்து நிதானமாக எழுதினார். 'குழந்தை நெடுநேரம் அழுதும் தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கறையற்றவர். குழந்தையின் பாதுகாப்பு கருதி, அதைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்வது குறித்துக் குழந்தை நலத்துறைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.'

அவர் இவ்வளவு நீளமாக எழுதுவதைப் பார்த்ததும் மகளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்பாவின் கையைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, அவர் வாயையே பார்த்தாள்.

"என்னப்பா எழுதறார்? குடுக்கறாங்களா?" என்று கேட்டாள்.